பெனால்டியில் வென்றால் வெற்றியா?

கேள்வி: ஃபைனல் டிராவானால் பெனால்டி உதைத்து முடிவு செய்வது நியாயமா? (ஒரு வாசகர், பாளையம்பட்டி)

பதில்: நியாயம்தான். 2023 ஜூலை 4, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் தெற்காசிய கால்பந்து சாம்பியன்ஷிப் ஃபைனல். அழைப்பின் பேரில் வந்த குவைத்தோடு இந்தியா 120 நிமிடம் ஆடியும் 1-1. ஐந்தைந்து பெனால்டி முடிந்தும் 4-4. அடுத்து நம் மகேஷ் சிங் கோல் போட்டார். குவைத்தின் ஹாஜியா உதைத்த பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் பாய்ந்து தடுத்தார். கோப்பை நமக்கு. அரையிறுதியில் லெபனானையும் பெனால்டியில்தான் வென்றோம். ஓடிக் களைத்த காலோடு, நிறைந்த மைதானத்தில் தனியே நின்று உதைப்பதை அதிர்ஷ்டம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் நாணயம் சுண்டி சோவியத் அணியை வெளியேற்றினார்களே, அதுதான் அநியாயம்.