வீட்டுக் காப்பகமும் பெற்றோருக்கு மாதக் கடிதமும்

கடைக்கு மேல் மாடி இருந்தால் முன்பெல்லாம் அதில் சரக்கு ஏற்றி அடுக்கினோம். இன்று பல ஊர்களில் அந்த மாடியில் குழந்தைகள் சத்தம் கேட்கிறது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலை எட்டரை மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு வந்து அழைத்துப் போகிறார்கள். வணிகர் வீட்டு மருமக்களும் பெண்மக்களும் நடத்தும் இந்த வீட்டுக் காப்பகங்கள், கடை வரும்படி சுருங்கிப்போன குடும்பங்களுக்குக் கை கொடுத்து வருகின்றன. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்ற விதியை 2017ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆறு பேர் வேலை செய்யும் ஜவுளிக் கடைப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் எட்டாது. அவளுக்கு அடுத்த தெருக் காப்பகம்தான் கதி.

இந்தத் தொழிலில் பெற்றோர் வாசலில் நிற்பது காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம். நடுவில் உள்ள ஒன்பதரை மணி நேரம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைக்கோ சொல்லத் தெரியாது. ஆகவே காப்பகம் நடத்துபவர் மாதம் ஒரு கடிதம் எழுதிப் பெற்றோர் கையில் கொடுப்பது அவசியம் என்பது நமது கருத்து. அதை எப்படி எழுதுவது என்பதையே இங்கே சொல்ல முற்படுகிறோம்.

மளிகை வியாபாரிக்குக் காப்பகக் கடிதத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எல்லாக் கடைக்கும் தொலைபேசி வராத காலத்தில், மொத்த வியாபாரிகளாகிய நாம் வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு நிலவரத்தை அஞ்சலட்டையில் எழுதி வந்தோம். வத்தல் வரத்து எவ்வளவு, துவரை ஏறுமா இறங்குமா, எண்ணெய் டின் என்ன விலை என்று ஒரு அட்டைக்குள் அடக்கி, அன்றைய தபாலில் சேர்த்துவிடுவோம். விலை இறங்கப் போகிறது என்று தெரிந்தால் அதையும் எழுதுவோம். நம் கையிருப்பு அன்றைக்கு விற்காமல் போகலாம். ஆனால் அந்தக் கடைக்காரர் அடுத்த லோடுக்கு வேறு மண்டிக்குப் போகமாட்டார். பெற்றோருக்கு எழுதுவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

கடிதம் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் தாய் இரண்டாம் பக்கத்தைத் திருப்பமாட்டாள். கையால் தெளிவாக எழுதி ஜெராக்ஸ் எடுத்தால் போதும். படம் போட்டு வர்ண எழுத்தில் அச்சடிப்பதெல்லாம் வீண் செலவு. மாதத்தின் முதல் வேலை நாளன்று, தவறாமல், சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்ப வேண்டும். இரண்டு மாதம் எழுதி மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட எழுதாமலே இருப்பது மேல். நிறுத்தினால், உள்ளே ஏதோ சரியில்லை என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள்.

முதலில் விடுமுறை நாட்கள். தாய்மார்கள் இரண்டு வாரம் முன்னதாகத் தெரிந்தால்தான் லீவு சொல்ல முடியும். அடுத்து, குழந்தைகள் இந்த மாதம் என்ன செய்தார்கள் என்று நான்கு வரி. "குழந்தைகள் மகிழ்ச்சியாக இருந்தனர்" என்று எழுதுவதில் பயனில்லை. "மழை நாட்களில் காகிதக் கப்பல் செய்தோம். மூன்று வயதுக்காரர்கள் தாங்களே கை கழுவிச் சாப்பிட உட்காருகிறார்கள்" என்று எழுதினால், வீட்டிலும் அந்தப் பழக்கத்தைத் தொடர்வார்கள்.

உணவு விவரம்தான் நமக்கு நன்கு தெரிந்த பகுதி. வாரத்தில் எந்த நாள் சுண்டல், எந்த நாள் கேழ்வரகுக் கஞ்சி, எந்த நாள் பழம் என்று எழுத வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நிலக்கடலையை முழுதாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்துத்தான் தர வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. இவற்றைக் காப்பகம் கடைப்பிடிக்கிறது என்று எழுதினால், பாட்டிமார் கொடுத்தனுப்பும் பொட்டலங்களும் சரியாகிவிடும்.

சில குழந்தைகளுக்கு நிலக்கடலை, சிலருக்குப் பால், சிலருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிப்பதோடு நிற்காமல் மூச்சு முட்டும் அளவுக்கும் போகலாம். எனவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது, கடிதத்தின் அடியில் "உங்கள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத பொருள்" என்று கோடிட்டு, எழுதிக் கத்தரித்துத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் அடைத்த உணவின் உறையில் பால், கோதுமை, நிலக்கடலை போன்றவை கலந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு உணவுப் பொருள் முகப்புச் சீட்டு விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால் நம் கடையில் டப்பாவைத் திறந்து சில்லறையாகக் கொடுக்கும் பண்டத்துக்கு உறை ஏது? கடலை மிட்டாய் அள்ளிய அதே கையால் பொரி உருண்டையையும் எடுக்கிறோம். காப்பகத்துக்குப் போகும் பண்டத்தை அப்படிக் கொடுக்க வேண்டாம் என்று கடை வைத்திருக்கும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நோய் பற்றி எழுதுவதுதான் கடினம். நம் உறவில் ஒரு மருமகள் கடை மாடியில் பதினொரு குழந்தைகளை வைத்துக் காப்பகம் நடத்துகிறார். ஒரு பங்குனி மாதம் ஒரு பையனுக்குச் சின்னம்மை கண்டது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் தெருவே புரிந்துகொள்ளும். காப்பகத்து வாசலில் செருகினால் மறுநாள் ஒரு குழந்தையும் வராது. "அந்தப் பிள்ளை வீட்டில் இருக்கட்டும், நாம் எதற்கு வாய் திறக்க வேண்டும்?" என்றார் மாமனார். பதினொரு குழந்தைகளின் கட்டணத்தில்தான் அந்த வீட்டுக் கடன் தவணை போய்க்கொண்டிருந்தது. ஆகவே அவர் சொன்னதையும் குறை கூறுவதற்கில்லை. மருமகள் மாதக் கடிதத்துக்குக் காத்திராமல் அன்று மாலையே எழுதினார்:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். நம் காப்பகத்துக்கு வரும் ஒரு குழந்தைக்கு இன்று சின்னம்மை கண்டிருக்கிறது. அந்தக் குழந்தை நேற்று மாலை வரை இங்கே இருந்தது. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இது பரவும் என்று மருத்துவர் சொன்னார். மற்றக் குழந்தைகளுக்கு வருவதானால் 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் தெரியும். வீட்டில் கர்ப்பிணி இருந்து, அவருக்கு இதுவரை அம்மை வந்ததில்லை என்றால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அம்மை கண்ட குழந்தை, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பக்கு கட்டிய பிறகே வரும். காப்பகம் நாளை வழக்கம்போல் திறந்திருக்கும். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம்."

குழந்தையின் பெயர் அதில் இல்லை என்பதைக் கவனிக்கவும். தேவையான வேறு எதுவும் விடுபடவுமில்லை. தையல் கம்பெனிக்குப் போகும் ஒரு தாய் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. வெளியே இன்னும் அதிகம் பேருக்குத் தெரியாது, காப்பகத்துக்கும் தெரியாது. கடிதத்தைப் படித்த அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போனார். கர்ப்ப காலத்தில் சின்னம்மை வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து உண்டு. தொற்று பட்ட சில நாட்களுக்குள் தெரிந்தால்தான் மருத்துவர்களால் தடுப்பு முயற்சி செய்ய முடியும். அவருக்கு அம்மை வரவில்லை. மற்றக் குழந்தைகளில் இருவருக்கு வந்தது. நான்கு குடும்பத்தார் மூன்று வாரம் பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்த நாட்களுக்குக் கட்டணம் வாங்கவில்லை. தவணைக்குக் கடையிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். மூவர் திரும்பி வந்தார்கள், ஒரு குடும்பம் வரவேயில்லை. ஆடி பிறப்பதற்குள் அந்தத் தையல் கம்பெனியிலிருந்தே இரண்டு புதுக் குழந்தைகள் சேர்ந்தார்கள்.

தடுப்பூசி நினைவூட்டலும் கடிதத்தில் இருக்கலாம். தட்டம்மை‑ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. குடற்புழு மாத்திரைக்குத் தேசிய அளவில் பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 என்று நாள் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் தேதி முன்பின் ஆவதால் அங்கன்வாடியில் கேட்டுக்கொண்டு எழுதவும்.

பணம் பற்றி. கட்டணம் உயர்வதானால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எழுதிவிட வேண்டும், எதனால் உயர்கிறது என்றும் சொல்ல வேண்டும். பாக்கிதாரர் பெயர் மட்டும் பொதுக் கடிதத்தில் வரவே கூடாது. சில கடைகளில் கடன் பாக்கி உள்ளவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுகிறார்கள். பாக்கியும் வராது, ஆளும் வரமாட்டார். தனியாக அழைத்துச் சொல்வதே முறை.

ஒரு தாளில் இரண்டு அங்குல இடம் காலியாக இருந்தால் கடை விளம்பரம் போடலாமே என்று நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். குழந்தையின் நலம் எழுதிய தாளில் பாமாயில் விலை வந்தால், மேலே எழுதியதும் விளம்பரம்தானோ என்று தோன்றிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்பார்கள். அவசரச் செய்திக்கு அது நல்லது. மாதக் கடிதம் அதில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போகும். மேலும், குழுவில் குழந்தைகளின் புகைப்படம் போடுவதை நாம் ஒப்புவதில்லை. பெற்றோர் எழுத்து மூலம் சம்மதம் தராமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது. சிறுவர் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு படியைத் தேதி வாரியாகக் கோப்பில் வைக்கவும். "எனக்குச் சொல்லவேயில்லை" என்று யாராவது வந்து நின்றால் எடுத்துக் காட்டலாம். சில குழந்தைகளை அழைத்துப் போக வருவது பாட்டிதான். படிக்கத் தெரியாதவராக இருந்தால், வாசலிலேயே உட்கார வைத்துப் படித்துச் சொல்லி அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று நிமிடம் ஆகும்.