கொல்லையில் ஒரு புதுக்கன்று: எப்போது? எங்கே?

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ தின்றால் அது நட்டவருக்கு ஸதகாவாக அமையும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிதாபுகளிலும் பதிவாகியுள்ளது. பயான்களில் இதைக் கேட்டுக் கேட்டு நம் காதுகள் பழகிவிட்டன. கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர் உற்சாகமாய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்? மதில் ஓரத்திற்கு! முற்றம் அடைபடக் கூடாது, துணி காயவைக்க இடம் வேண்டும் என்று கன்றை ஓரத்தில் வைத்துவிடுகிறார். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது. அதற்கு வருமுன் காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நம் வணக்கங்களுக்குப் பிறைக் கணக்கு. பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் ஒரு காலம் கோடையிலும் ஒரு காலம் அடைமழையிலும் வருகிறது. விதைக்கோ ஆடியும் ஐப்பசியும்தான் தெரியும். இதில் மார்க்கத்திற்கு முரணானது எதுவுமில்லை. ஜகாத்தையே பாருங்கள். ரொக்கத்திற்குப் பிறை ஆண்டு ஒன்று பூர்த்தியாக வேண்டும். தானிய விளைச்சலுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதன் உரிமையை அறுவடை நாளில் கொடுக்கும்படி அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

எங்கள் காவிரிக் கடைமடைப் பகுதியின் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆடியில் அவரை, பூசணி, புடலை, பீர்க்கு. இவற்றில் பந்தல் அவரைக்கு ஒரு குணம் உண்டு. பகல் குறுகும் காலத்தில்தான் அது பூக்கும். ஆடியில் போட்டது மார்கழி, தையில் காய்த்துக் கொட்டும். அதையே சித்திரையில் போட்டுப் பார்த்தால் கொடி பந்தலை மூடுமே தவிரக் காய் காண முடியாது. 'விதை சரியில்லை' என்று கொடுத்தவர் மீது குறை சொல்லுவோம். கறிவேப்பிலைப் பழம் கறுத்து உதிரும்போதே கொட்டையை ஊன்றிவிட வேண்டும். புட்டியில் போட்டு வைத்தால் சில வாரங்களில் முளைக்கும் சக்தி போய்விடும்.

மரக்கன்றுகளுக்குப் புரட்டாசி. வடகிழக்கு மழை வலுக்குமுன் வேர் பிடித்துக்கொள்ளும். தென்னைக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வேண்டும். அதைக் கோடையிலேயே வெட்டி வெயிலில் ஆறப்போடுவது நல்லது. பப்பாளியை மட்டும் மேட்டில் வையுங்கள். இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். பெருநாளைக்கு மருதாணி கேட்கும் பெண்மக்கள் உள்ள வீட்டில் இந்த மழையிலேயே ஒரு குச்சியை ஊன்றிவிடலாம். தை பிறந்தபின் கத்தரி, வெண்டை, கீரைகள். சித்திரை, வைகாசியில் புதிதாக எதையும் வைக்காதீர்கள். இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

அந்தக் காப்பாற்றலுக்குத் தண்ணீர்? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுளூச் செய்வார்கள் என்பது ஸஹீஹான செய்தி. நம் அளவில் அது ஒரு லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு வுளூச் செய்யும் நாம் எத்தனை முத்து செலவழிக்கிறோம் என்று ஒருநாள் கீழே வாளி வைத்துப் பார்க்கட்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் என்றாலும் ஆறு பேர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு 30 லிட்டர். வுளூச் செய்து வழிந்த நீரால் மீண்டும் வுளூச் செய்ய முடியாது. ஆனால் அது சுத்தமான நீர்தான். செடிக்கு ஊற்றத் தடையில்லை. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் நிலை இதுவே. வுளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு வாய்க்கால் கீறி வாழைக்கு விட்டுவிடுங்கள்.

எரு பற்றிக் கேட்பவர்களும் உண்டு. சாணம் நஜீஸ் என்பது நம் ஷாஃபிஈ சட்டம். ஆயினும் அதை நிலத்திற்கு இடலாம். அதில் வளர்ந்த கீரை நஜீஸாகாது. எரு பட்ட பாகத்தைக் கழுவினால் சரி.

இனி 'எங்கே' என்ற கேள்வி. இதை என் தவற்றிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மதரஸாவில் ஓதி முடித்து ஊர் திரும்பிய வருடம் ஐப்பசியில், மதில் மூலையில் ஒரு முருங்கைப் போத்தை நட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாமியின் கிணற்றடி. மூன்றே வருடத்தில் மரம் அவர்கள் பக்கம் பாதி சாய்ந்து நின்றது. மழைக்காலத்தில் முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி வருவது யாருக்குத்தான் தெரியாது? மாமியின் கொடியில் காய்ந்த துணியில் விழுந்து, பேரப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. உம்மாவிடம் இரண்டு முறை வந்து சொன்னார்கள். 'மழை நிற்கட்டும் பார்க்கலாம்' என்றேன். காய்க்கிற மரத்தை வெட்ட மனம் வரவில்லை. அந்த வாரம் உம்மா கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரை அப்படியே திரும்பி வந்தது. வேலியில்லாமல் வளர்ந்த இரண்டு வீட்டில் ஒரு கிண்ணம் திரும்பி வருவதென்றால் என்ன அர்த்தம் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். வெட்கம் என்னவென்றால், ஸுல்ஹுடைய பாடத்தில் கிளையின் சட்டத்தை நான் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை!

அந்தச் சட்டம் இதுதான்: நம் மரத்தின் கிளை அண்டை வீட்டாரின் இடத்திற்கு மேலே போனால், அவர் கேட்டதும் அதை அகற்றுவது நம் கடமை. நாம் மறுத்தால் அவரே அதை வளைத்துத் திருப்பிவிடலாம். அதற்கு வழியில்லையானால் வெட்டலாம். வேருக்கும் இதே சட்டம். அதே சமயம் அந்தக் கிளையில் தொங்கும் காய் மரக்காரருக்கே உரியது. அனுமதியின்றியோ ஊரில் தாராளமாக விடும் வழக்கமின்றியோ பறிப்பது கூடாது. அபூதாவூதில் ஸமுரா (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி இருக்கிறது. ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்திற்குள் அவர்களுக்குப் பேரீச்சை இருந்தது. அதற்காக உள்ளே வந்துபோவது அந்தக் குடும்பத்தாருக்குச் சிரமமாயிற்று. விற்றுவிடும்படியும், மாற்றிக்கொள்ளும்படியும், நற்கூலியை எண்ணி அன்பளிப்பாக விடும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டும் அவர்கள் இணங்கவில்லை. இறுதியில் மரத்தைப் பிடுங்கிவிடும்படியே அன்ஸாரித் தோழரிடம் சொல்லப்பட்டது. மரம் நடுவதை ஸதகா என்று அருளிய அதே நாயகம்தான் பிடுங்கவும் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மரத்தை வெட்டாமல் பூச்சியைத் தீப்பந்தத்தால் பொசுக்கலாமே என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். உயிருள்ளதை நெருப்பால் வதைப்பது ஹதீஸில் தடுக்கப்பட்டது. வேறு வழியே இல்லாதபோது அனுமதித்த உலமாக்கள் உண்டு. பகலில் அடிமரத்தில் கூட்டமாய் ஒட்டியிருக்கும்போது சுரண்டி எடுத்துச் சவக்காரத் தண்ணீரில் போட முடிகிறதே, பிறகு நெருப்பு எதற்கு?

ஆகவே கன்று வைக்குமுன், அது முழு மரமானால் எவ்வளவு விரியும் என்று பாருங்கள். இரண்டு தென்னைக்கு நடுவே 25 அடி விடுவது வழக்கம் என்றால் மதிலிலிருந்து 12 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். முருங்கையையும் அதற்குக் கொஞ்சமே குறைவாக. ஓரத்தில் இடம் வீணாகிறதே என்றால் கழித்துவிடத் தோதான மருதாணியையோ, நம் பக்கமே பந்தல் போட்டு அவரையையோ வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் கடலோரத்தில் எத்தனை தென்னைகள் கூரைகளின் மேல் விழுந்தன! நேராக நின்ற மரம் புயலில் விழுவது யார் கையிலும் இல்லை. ஆனால் சாய்ந்து நிற்கும் சுவரைப் பற்றி எச்சரிக்கப்பட்டும், அவகாசம் இருந்தும் இடிக்காமல் விட்டவர் சேதத்திற்குப் பொறுப்பாளி என்று ஹனஃபி கிதாபுகள் கூறுகின்றன. சாய்ந்த தென்னையை வைத்திருப்பவர்கள் ஐப்பசி வருமுன் அதைப் போய்ப் பார்க்கட்டும்.

என் முருங்கையை அந்த மழையிலேயே வெட்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த கிளைகளை எடுக்க அனுமதி கேட்டுப் போனபோது மாமி இரண்டு போத்துகளைத் தனியே எடுத்து வைத்திருந்தார்கள். "எங்கே நடுவது என்று நீயே காட்டு தம்பி" என்றார்கள். மூன்று மதிலுக்கும் தூரமாக இடம் தேடி, அஸர் வரை அளந்துகொண்டிருந்தோம்.