சித்திரப் படங்களும் நம் ஆண்பிள்ளைகளும்

பிள்ளைகள் பார்ப்பது சித்திரப் படமென்றால் பெற்றார் பலர் நிம்மதியாக எழுந்து தம் வேலையைக் கவனிக்கப் போய்விடுகின்றனர். ஆபாசம் இல்லை, இரத்தக்களரி இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கதை எதுவாயினும் அது ஒரு பாடத்தை நடத்திக்கொண்டே இருக்கிறது. ஆண் என்பவன் யார், பெண்ணுக்குரிய வேலை எது என்பதும் அப்பாடத்தில் அடங்கும். வெள்ளவத்தை சவோய் திரையரங்கில் பார்த்தாலும், கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீட்டில் அம்மாவின் கைத்தொலைபேசியில் பார்த்தாலும் அது சிறுவனின் மனதில் பதிந்துவிடுகிறது. அப்பாடம் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பழைய பாடம்

வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளச் சித்திரப் படமாகிய 'ஸ்னோ வைட்' 1937இல் வெளிவந்தது. காட்டுக்குத் தப்பியோடிய இளவரசி, ஏழு குள்ளரின் வீட்டைக் கண்டதும் முதலில் செய்வது கூட்டித் துடைப்பதுதான். சமையலும் அவள் பொறுப்பே. சுரங்கத்தில் உழைப்பவர்கள் ஆண்கள். இளவரசனோ தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே தலைகாட்டுகிறான். அவனுடைய குணம் என்னவென்று நமக்குத் தெரியாது. எனினும் அவன் வந்தால்தான் அவளுக்கு வாழ்வு.

இது மேல்நாட்டாரின் குறை மட்டும் என்று கருதவேண்டாம். 2008இல் இந்தியத் தொலைக்காட்சியில் தொடங்கி, தமிழ்க் குரலிலும் நம் சிறாரை ஈர்த்த 'சோட்டா பீம்' கதைகளைப் பாருங்கள். பீம் லட்டு உண்டால் பலம் பெருகும். உடனே பகைவரை அடித்து வீழ்த்துவான். அந்த லட்டைச் செய்பவர் சுட்கியின் தாய். பீமுக்குக் கொடுப்பவள் சுட்கி. அவள் துணிச்சலற்றவள் அல்லள். ஆயினும் சண்டை பையனுக்கு, பலகாரம் பெண்பிள்ளைக்கு என்ற பங்கீடு மாறுவதில்லை. 2014இல் வெளிவந்த 'கோச்சடையா'னில், அநியாயமாகக் கொல்லப்பட்ட தளபதியின் மகன் வளர்ந்து பழி தீர்க்கிறான். தந்தையை நேசிக்கும் மகன் வாள் ஏந்தவேண்டும் என்பதே அங்கு பாடம்.

மாறிய பாடம்

1991இல் வந்த 'பியூட்டி அன்ட் த பீஸ்ட்' இந்தப் போக்கைக் கேள்விக்குள்ளாக்கியது. கட்டுமஸ்தான உடலும் வேட்டைத் திறமையும் கொண்டு, ஊரே புகழும் கஸ்டன் அதில் வில்லன். அரக்க உருவம் பெற்ற இளவரசனோ, தான் நேசிக்கும் பெண்ணைத் தன்னிடம் அடைத்து வைக்காமல், நோயுற்ற தந்தையிடம் போக விடுகிறான். அங்கேதான் அவன் மனிதனாகிறான்.

2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' இன்னும் ஒரு படி சென்றது. மனைவியையும் முட்டைகளையும் பறிகொடுத்த கோமாளி மீன் ஒன்று, எஞ்சிய ஒரே மகனைத் தேடிக் கடலைக் கடக்கிறது. 'கோச்சடையா'னில் தந்தைக்காக மகன் பழிவாங்குகிறான். இங்கே மகனுக்காகத் தந்தை அலைகிறார். தன் அச்சத்தை அடக்கி, மகனை நம்பி விட்டுக்கொடுக்கவும் கற்றுக்கொள்கிறார். பையன்கள் பார்த்துப் பயனடையக்கூடிய தந்தை இவர்.

பாதியில் நிற்கும் பாடம்

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இப்படங்களில் ஆணின் அன்பு பெரும்பாலும் ஆபத்து வேளையிலேயே வெளிப்படுகிறது. கடலைக் கடக்கும் தந்தையைக் கண்டு கண் கலங்குகிறோம். அன்றாடம் சமைத்து, கழுவி, பிள்ளையைத் தூங்கவைக்கும் தந்தையைக் கண்டால் சிரிக்கிறோம். 2018இல் வந்த 'இன்கிரெடிபிள்ஸ் 2' இதற்குச் சான்று. தாய் வேலைக்குப் போக, வீட்டில் நிற்கும் தந்தை கைக்குழந்தையோடும் மகனின் கணக்குப் பாடத்தோடும் போராடிக் களைத்துப் போகிறார். இரவிரவாகக் கண்விழித்து அக்கணக்கைத் தானே கற்று, மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அருமையான தந்தை! ஆனால் அவருடைய களைப்பே படத்தின் பெரிய நகைச்சுவை. இதே வேலையை ஒரு தாய் செய்து களைத்தால் யாராவது சிரிப்பார்களா?

இந்தச் சிரிப்பு திரையரங்கோடு முடிவதில்லை. நம்மிடையே எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றுள்ளனர். இங்கே பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுப்புத் தோய்த்து, பள்ளிக்கூடம் அனுப்பும் தந்தையரும் இருக்கிறார்கள். "பெண்சாதியின் உழைப்பில் இருக்கிறவன்" என்ற ஏளனம் அவர்கள் காதில் விழுகிறது. அதை அவர்களுடைய மகனும் கேட்கிறான். தகப்பன் செய்யும் நல்ல காரியத்தையே வெட்கத்துக்குரியதாக எண்ணி அவன் வளர்ந்தால், நாளை அவன் எப்படிப்பட்ட கணவனாவான்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரை, 286ஆம் எண்ணில் இதைத் தெளிவாகக் கூறுகிறது. வீட்டு வேலையையும் பிள்ளை வளர்ப்பையும் ஏற்பதால் ஒருவனின் ஆண்மை குறைவதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே அதன் கருத்து.

பெற்றார் செய்யக்கூடியது

படங்களைத் தடைசெய்வது தீர்வாகாது. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். முடிந்தபின் சில கேள்விகளைக் கேளுங்கள்:

1. இக்கதையில் சமைத்தவர் யார்? சண்டையிட்டவர் யார்? மாறிச் செய்திருந்தால் கதை கெட்டிருக்குமா?
2. கதாநாயகன் எங்கே அழுதான், எங்கே மன்னிப்புக் கேட்டான்? அப்போது அவன் உனக்குச் சிறியவனாகத் தெரிந்தானா?
3. நாம் எந்த இடத்தில் சிரித்தோம்? ஏன் சிரித்தோம்?

தகப்பன்மாருக்கு இன்னொன்று. நீமோவின் தந்தையைப் பார்த்து நெகிழ்ந்த மகன், படம் முடிந்ததும் உங்களைத்தான் பார்ப்பான். சாப்பிட்ட கோப்பையைத் தங்கை எடுத்துக் கழுவுவாள் என்று அவன் எழுந்து போனால், அவனைக் கண்டிக்குமுன் உங்கள் கோப்பையை நீங்கள் கழுவுங்கள். அவனும் பின்னால் வருவான்.