ரீசெட் அமத்தினால் காத்து வராது

இந்தக் கிழமை எபிசோட்ல சென்சர்களைப் பற்றிக் கதைக்கேக்க, "ரயர் லைற் வந்தால் ரீசெட்டை அமத்து, போயிடும்" எண்டு நான் சொல்லிச் சிரிச்சது என்ர சொந்தக் கதை. நேரம் பத்தாமல் பாதியில் விட்டதை இங்கே முடிக்கிறன்.

ஒரு ஜனவரி விடிய, மோர்னிங்சைட்டில் எங்கட டிரைவ்வே. வெளியில -15. அம்மா வேலைக்கு வெளிக்கிடேக்க அந்த மஞ்சள் லைற்: குதிரை லாடம் மாதிரி வளைவு, நடுவில ஆச்சரியக்குறி. "தம்பி, இதை ஒருக்காப் பார்" எண்டா. மெனுவுக்குள்ள போய் ரீசெட் குடுத்தன். லைற் அணைஞ்சுது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்ச பிள்ளை எண்டு அம்மாவுக்குச் சந்தோசம். ரெண்டு கிழமையால, "கார் ஒரு பக்கம் இழுக்குது" எண்டா. கேஜ் வச்சுப் பார்த்தால் முன் வலது ரயரில 20 பிஎஸ்ஐ. இருக்க வேண்டியது 33. உள்ளே ஒரு ஆணி. அதோடதான் ஒவ்வொரு நாளும் 401-ல ஓடியிருக்கிறா.

லைற் ஏன் திரும்ப வரேல்லை?

இதில ரெண்டு வகை இருக்கு. ஒண்டில், ஒவ்வொரு ரிம்முக்குள்ளயும் பேட்டரி வச்ச சென்சர் அழுத்தத்தை அளந்து ரேடியோவில அனுப்பும். (2010-ல ரட்கர்ஸ், சவுத் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தச் செய்திகளில் என்கிரிப்ஷன் இல்லை, 40 மீற்றர் தூரத்தில இருந்தும் ஒட்டுக்கேக்கலாம் எண்டு காட்டினவை. அது இன்னொரு எபிசோட்.) மற்றதில், உதாரணமா ஹோண்டாவின்ர புதுச் சிவிக்குகளில், அழுத்தத்தை அளக்க ஒண்டுமே இல்லை. காத்துக் குறைஞ்ச ரயர் கொஞ்சம் சின்னதாகி வேகமாச் சுத்தும். ஏபிஎஸ் சென்சர் அதைப் பிடிக்கும். எதோட ஒப்பிட்டு? நீங்கள் ரீசெட் குடுத்தபோது இருந்த நிலையோட. அதாவது ரீசெட் எண்டால் "இதுதான் சரியான அளவு, பழகிக்கொள்" எண்டு காருக்குச் சொல்றது. பிழையான டேட்டாவை பேஸ்லைனாக் குடுத்தது நான்தான்.

அமெரிக்க விதிப்படி, சரியான அளவில இருந்து 25 வீதம் குறைஞ்சால்தான் லைற் வரவேணும். 33-க்கு அது 25 பிஎஸ்ஐ அளவு. அண்டைக்கு அந்த ரயரில 24 இருந்திருந்தால், 20 எண்டது காரின்ர கணக்கில 17 வீதக் குறைவு மட்டும். உண்மையில் கிட்டத்தட்ட 40 வீதம்.

குளிரும் சேரும். 20 பாகையில 33 அடிச்ச ரயர், -15-ல 27-க்கு இறங்கும். ஆணியே இல்லாட்டிலும் மாசம் 1 பிஎஸ்ஐ அளவு தன்பாட்டில குறையும். ஒக்டோபரில பார்த்துவிட்டு விட்டால் ஜனவரியில லைற் வராமல் என்ன செய்யும்?

சரியான அளவு ட்ரைவர் கதவுச் சட்டத்தில ஸ்டிக்கரில இருக்கு, கிலோபாஸ்கலிலயும்: 230 எண்டால் 33 பிஎஸ்ஐ. ரயரின்ர பக்கத்தில எழுதியிருக்கிறது உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதேங்கோ. மூண்டு மணித்தியாலமாவது நிண்ட காரில அளவுங்கோ. காஸ் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ரயர் சூடாகிடும். அதால வீட்டிலேயே அளந்து, 6 குறைவு எண்டால், அங்க காட்டுற எண்ணோட 6 கூட்டி அடியுங்கோ. நாலுக்கும் அடிச்ச பிறகுதான் ரீசெட். கார் நிண்ட இடத்தில குடுத்தாலும், புது அளவைப் பழக அதுக்கு அரை மணித்தியால ஓட்டம் வேணும். ரிம் சென்சர் உள்ள கார்கள் அனேகமா கொஞ்சம் ஓடத் தாங்களே லைற்றை அணைக்கும்.

லைற் ஒரு நிமிசம் மின்னி மின்னிப் பிறகு நிலையா நிண்டால் அது காத்துக் குறைவு இல்லை, சிஸ்டத்தில பழுது. இங்க பெரும்பாலும் சென்சர் இல்லாத ரிம்மில வின்ரர் ரயர் போட்டதாலதான் வரும். அதை எந்த ரீசெட்டும் தீர்க்காது. ஏப்ரல் வரைக்கும் 15 டொலர் கேஜ்தான் உங்கட சென்சர்.