உடைந்த பைபர் படகை வெட்டுதல்

திரும்பி வந்தபோது படகில் வெடிப்பைக் கண்டால் உடனே அதைக் கைவிட வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின்னர் திருகோணமலைக் கரையோரங்களில் வழங்கப்பட்ட பைபர் படகுகள் மரம்போல் உக்குவதில்லை. பழுதான பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, புதிய கண்ணாடி இழை அடுக்குகளை ஒட்டலாம். ஆனால் பற்றைக்குள் கிடக்கும் படகை, அங்கே வெடிபொருட்கள் அகற்றப்பட்டதை அறியாமல் இழுக்காதீர்கள்.

நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். மந்த ஒலி முடியும் இடத்துக்கு அப்பால் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு கீறுங்கள். மூலைகளை வட்டமாக வையுங்கள். கூர் மூலையிலிருந்துதான் அடுத்த வெடிப்பு ஓடும்.

மரவாள் விரைவில் மழுங்கிவிடும். மின்சாரம் இல்லாத வீட்டில் இரும்பு அறுக்கும் கைவாள் போதும். நேரமெடுக்கும், ஆனால் கிரைண்டரை விடத் தூசு குறைவு. அதன் பற்கள் தள்ளும்போதே வெட்டும். ஆகையால் வெளிப்பக்கத்திலிருந்து அறுங்கள். உள்ளிருந்து அறுத்தால் மேற்பூச்சு செதில் செதிலாகப் பெயரும்.

வெட்டிய ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். படகின் தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால் சரிவு 60 மில்லிமீற்றர், அதாவது 12 மடங்கு. பலரும் இதிலே அவசரப்படுகிறார்கள். ஒட்டு கடலில் விடுவது பெரும்பாலும் இதனால்தான்.

தூசுக்குச் சேலைத் துண்டு போதாது. தூசு வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் அணியுங்கள். கிணறு, குசினி, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்குத் தூரமாக வேலை செய்யுங்கள். உடல் அரித்தால் சொறியாமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வெட்டிய துண்டுகளை எரிக்க வேண்டாம்.