நிலத்தடிக் கல்லும் தொழிலாளர் வாழ்வும்: காங்கேசன்துறைச் சீமெந்து தரும் பாடம்



நாம் மண்ணுக்கு மேலே விளையும் கொழுந்தை நம்பி வாழ்கிறவர்கள். மண்ணுக்குக் கீழே கிடப்பதைத் தோண்டி எடுத்து வாழ்ந்த மக்களும் உண்டு. உலகத்தில் அப்படிப்பட்ட தொழில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நிலக்கரிச் சுரங்கம்தான். நமது இலங்கையில் நிலக்கரி வெட்டும் சுரங்கம் கிடையாது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில், காங்கேசன்துறையில், நிலத்தைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுத்து, அதைச் சுட்டுச் சீமெந்து செய்த பெரிய தொழிற்சாலை ஒன்று நாற்பது வருடம் இயங்கியது. அதன் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம். படித்து முடிந்ததும், "இது நமக்கு எதற்கு?" என்ற கேள்விக்கும் பதில் தேடுவோம்.

1. சீமெந்து எப்படி உண்டாகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வருடம் முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மேலே கொஞ்சம் செம்மண். அதற்குக் கீழே எங்கு தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். பல இலட்சம் வருடங்களுக்கு முன்பு கடலுக்குள் இருந்த சிப்பி, பவளம் போன்றவை படிந்து இறுகி உண்டான கல் இது. காங்கேசன்துறைப் பக்கத்தில் இந்தக் கல் மேலேயே கிடைத்ததால் எடுப்பதும் சுலபம்.

பாறையில் துளை போட்டு, வெடி வைத்துத் தகர்த்து, கல்லை அள்ளி வருவார்கள். சுண்ணாம்புக்கல் மட்டும் போதாது, களிமண்ணும் வேண்டும். அது மன்னார் மாவட்டத்தின் முருங்கனிலிருந்து வந்தது. இரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் நீண்ட சூளைக்குள் விடுவார்கள். உள்ளே ஏறக்குறைய 1450 பாகை சூடு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காய வைக்கும் சூட்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூட்டுக்கு நிலக்கரி, உலை எண்ணெய் போன்ற எரிபொருட்களை எரிக்கிறார்கள். சூளையிலிருந்து கறுப்பு உருண்டைகளாக வெளியே வருவது 'கிளிங்கர்'. அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சீமெந்து. ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் கல்லும் மண்ணும் வேண்டும். ஆகவே தொழிற்சாலை ஓட ஓடக் கிடங்கும் பெருத்துக்கொண்டே போகும்.

2. தொழிற்சாலை பிறந்தது எப்படி?

சுதந்திரம் கிடைத்த காலத்தில் அரசாங்கம் சில பெரிய தொழிற்சாலைகளைத் தொடங்க முடிவு செய்தது. அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் என்ற மூன்று தொழிற்சாலைகளும் அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கியது. பிறகு அது சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தது. இங்கு சுட்ட கிளிங்கரைக் காலிக்குக் கொண்டுபோய் அங்கேயும் அரைத்தார்கள். 1980களில் 'லங்கா சீமெந்து' என்ற கம்பனியின் கீழ் இரண்டாவது ஆலையும் அதே இடத்தில் எழும்பியது.

இடத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கல் அங்கேயே உண்டு, பக்கத்தில் துறைமுகம் உண்டு, வடபகுதி ரயில் பாதையின் கடைசி நிலையமும் அதுதான். களிமண் வரவும் சீமெந்து போகவும் வசதி.

விவசாயமும் மீன்பிடியும் அரசாங்க உத்தியோகமும்தான் பிழைப்பு என்று இருந்த ஊருக்கு மாதச் சம்பளம் தரும் ஆலை வந்தால் எப்படி இருக்கும்? கல் உடைக்கிறவர், யந்திரம் ஓட்டுகிறவர், மின்சாரம் பார்க்கிறவர், மூட்டை ஏற்றுகிறவர், எழுதுவினைஞர், பொறியியலாளர் என்று பலருக்கு வேலை. அவர்களை நம்பிச் சாப்பாட்டுக் கடை, லொறி, சைக்கிள் கடை. நம்ம தோட்டத்துத் தொழிற்சாலைச் சங்கு போல, அந்த ஊரின் நேரத்தை ஆலையின் 'ஷிஃப்ட்' நிர்ணயித்தது.

3. தூசும் தண்ணீரும்

சம்பளத்தோடு இரண்டு தொல்லைகளும் வந்தன.

முதலாவது தூசு. கல் தூசு நாட்பட்ட சுவாசத்தில் போனால் நெஞ்சில் சளி, இளைப்பு உண்டாகும். ஈரச் சீமெந்து தோலில் பட்டால் அரிக்கும், புண்ணாகும், கண்ணில் விழுந்தால் பார்வையையே கெடுக்கும். "பழகிப் போச்சு" என்று சொல்லித் துணியை மூக்கில் கட்டிக்கொள்வது எல்லாத் தொழிலிலும் உண்டு. நாமும் மருந்தடிக்கும்போது அதைத்தானே சொல்கிறோம்? நெஞ்சுக்கும் தோலுக்கும் பழக்கம் என்று ஒன்று கிடையாது. வருடக்கணக்கில் சேர்ந்துதான் வருத்தம் காட்டும்.

இரண்டாவது தண்ணீர். குடாநாட்டு மக்களின் குடிநீரும் தோட்டத்து நீரும் கிணற்றிலிருந்துதான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சேர்கிறது. நாலு பக்கமும் கடல் நீர் சூழ்ந்திருப்பதால், கீழே உப்புத் தண்ணீர் நிற்க, அதன் மேல் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அப்படியானால் மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். மழையை வாங்கி வைக்கும் பாத்திரமே அந்தக் கல்தான். கல்லை ஆழமாகத் தோண்டி எடுத்தால் கிணறு உவராகிவிடும் என்று பக்கத்துக் கமக்காரர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. வெட்டிய கிடங்குகள் இன்றும் அங்கே கிடக்கின்றன.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் கனிப்பொருள் அகழ முடியாது. காங்கேசன்துறையில் முதல் கல் வெட்டிய காலத்தில் இந்தச் சட்டம் இருக்கவில்லை.

4. ஆலை நின்ற நாள்

1990 ஜூன் மாதம் யுத்தம் மறுபடி தொடங்கியது. ஆலை நின்றது. ரயிலும் அந்த வருடமே நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஆலையும் ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. பல குடும்பங்கள் இருபது, இருபத்தைந்து வருடம் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்தன. யுத்தம் 2009 இல் முடிந்த பிறகுதான் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. காங்கேசன்துறைக்கு ரயில் 2015 இல் திரும்பி வந்தது. சூளை மட்டும் திரும்ப எரியவில்லை.

ஒரு தொழிலாளிக்கு இங்கே எத்தனை நட்டம் என்று எண்ணிப் பாருங்கள். வேலை போனது, வீடு போனது, காணிக்குள் போக முடியவில்லை. அவசரத்தில் ஓடியவர்கள் எத்தனை பேர் பத்திரங்களைக் கையில் எடுத்திருப்பார்கள்?

யுத்தம் இல்லாத இடத்திலும் இப்படி நடக்கிறது. இந்தியாவில் கோலார் தங்க வயல் 2001 பெப்ரவரியில் மூடப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள். வரிசை வரிசையான சின்ன வீடுகளில், நம்ம லயத்தைப் போலவே வாழ்ந்தார்கள். சுரங்கம் மூடிய பிறகு பல பேர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்வர வேண்டியதாயிற்று.

5. நமக்கு என்ன பாடம்?

வேலையும் வீடும் ஒரே இடத்தைச் சார்ந்திருந்தால், அந்த இடம் ஆட்டம் கண்டால் இரண்டும் சேர்ந்தே ஆடும். இது நமக்குப் புதிதல்ல. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான நேரத்திலும், பஞ்சத்திலும், பிறகு 1977, 1983 கலவரங்களிலும் நம்மவர்கள் சட்டி பானையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனதை ஊரில் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். ஆகவே வேலை நடக்கும்போதே செய்ய வேண்டியவை சில:

(அ) ஊழியர் சேமலாப நிதி: 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். உங்கள் பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 'ராமாயி' ஓர் இடத்தில் 'இராமாய்' ஆகியிருந்தால் பணம் எடுக்கும்போது அலைய வேண்டும்.

(ஆ) ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி: 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது.

(இ) பணிக்கொடை: 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் முடித்தவருக்கு, நாட்சம்பளக்காரராயின், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம்.

(ஈ) வேலை நிறுத்தப்பட்டால்: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒரு வருடத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். இது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். ஆகவே விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையையோ சங்கத் தலைவரையோ கூப்பிட்டு வாசித்துக் கேளுங்கள்.

(உ) பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி, சம்பளத் துண்டு ஆகியவற்றை ஒரே பொலித்தீன் உறையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோப் பிரதி வேறோர் இடத்தில் இருக்கட்டும். மண்சரிவு பயமுள்ள லயங்களில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நமது தோட்டத்தில் குடிநீர் எங்கிருந்து வருகிறது? அந்த ஊற்றுக்கு மேலே யாராவது கல் உடைக்கிறார்களா, மரம் வெட்டுகிறார்களா?

2. மருந்தடிக்கிறவர்களுக்கும் தொழிற்சாலையில் தூசு சலிக்கிறவர்களுக்கும் முகமூடி கொடுக்கப்படுகிறதா? கொடுத்தால் போடுகிறோமா?

3. நம் வீட்டில் சேமலாப நிதி இலக்கம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மாதர் சங்கக் கூட்டத்திலோ, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் தாய்மார் கூடும் நாளிலோ இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள், அடுத்த சம்பள நாளுக்கு முன் தோட்டக் காரியாலயத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.