கரிசலில் ஸ்டே கம்பி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடையில் கடப்பாரையும் இறங்க மறுக்கும் கரிசல் தரையில், கோபுரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிக்காக அடித்த இரும்பு முளை அசையாது என்பது, கோவில்பட்டிப் பகுதியில் வீட்டுக்கு அமெச்சூர் வானொலிக் கோபுரம் நிறுத்துவோருக்கு இயல்பாகத் தோன்றும் நம்பிக்கை. அந்த இறுக்கம் மண்ணின் வலிமையன்று; ஈரம் வற்றியதன் விளைவே. மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்த இம்மண் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வாறு சுருங்கும்போது முளையையும் அதைச் சுற்றிய கான்கிரீட்டையும் விட்டு மண் விலகிவிடுகிறது. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது ஐப்பசி மழைக்கு முன்பே, தரை வெடித்துக் கிடக்கையில் வீசுவதுதான் இங்குள்ள சிக்கல்.

கான்கிரீட் கட்டியைப் பெரிதாக்கினால் போதும் என்பதும் பாதி உண்மையே. 60 செ.மீ. கனசதுரக் கட்டி ஏறத்தாழ 520 கிலோ எடையுள்ளதாயினும், ஈரம் ஏறியிறங்கும் மேல்மண்ணிலேயே புதைந்திருந்தால் மண்ணோடு சேர்ந்து அதுவும் அசையும். இதனாலேயே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழாக விரியும் தூண் அடித்தளத்தைக் கரிசலுக்கென உருவாக்கியது. குமிழின் விட்டம் தண்டைப் போல் இரண்டரை மடங்கு, ஆழம் சுமார் 3.5 மீட்டர். சிறு கோபுரத்துக்கு அத்தனையும் தேவையா என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் பிடிமானம் ஆழத்தில் இருக்கிறது என்ற கொள்கை மாறாது.

காம்பவுண்டுக்குள் இடமில்லை என்று ஸ்டே கம்பியைக் கோபுரத்தின் அடியருகே கட்டுவோரும் உண்டு. 12 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி, 100 கிலோ பக்கவிசையைத் தாங்குவதாகக் கொள்ளலாம்: கம்பியைத் தரையில் பிடிக்கும் நங்கூரம் கோபுரத்தின் அடியிலிருந்து 12 மீட்டர் தள்ளியிருந்தால் கம்பியில் இழுவிசை 141 கிலோ, 3 மீட்டரில் இருந்தால் 412 கிலோ, பின்னதில் கோபுரத்தை 400 கிலோ கீழ்நோக்கி அழுத்தவும் செய்யும். ஆகவே உயரத்தில் 60 முதல் 80 விழுக்காடு தூரமே பொதுவான வழக்கம். வேப்பமரத்தில் கட்டுவது இதனினும் மோசம். காற்றில் மரமும் ஆடும்.

கம்பியை முறுக்க முறுக்க நல்லது என்பதும் பிழை. கம்பி அறுபடும் விசையில் பத்திலொரு பங்கு முன்னிழுவிசை பொதுவாகப் போதும். மிகுந்தால் கோபுரமே வளையும். முனையை மடித்துக் கட்டும் கிளிப்பின் தட்டையான அடிப்பகுதி பாரம் தாங்கும் கம்பியின் மேலும், யு வடிவ போல்ட் வெட்டுமுனையின் மேலும் அமைய வேண்டும். வைகாசியில் காற்றுக்கு முன்னும் மழைக்காலம் முடிந்த பின்னும் இழுவிசையைச் சோதித்துச் சரிசெய்த பிறகு, டர்ன்பக்கிள் எனப்படும் முறுக்குத் திருகு தானே கழன்றுவிடாதபடி அதனூடே மெல்லிய கம்பியைக் கோத்துப் பூட்டிவைப்பர்.